மூன்றாம் நாள் எடுக்காத போன்

முன்னாள் மாணவர் சங்க அலுவலகத்தில் ஆல்வின் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒரு முன்னாள் மாணவர் கண்ணில் பட்டார். நாற்காலியின் முதுகில் ஒருவர் பெயர், தண்ணீர்த் தொட்டியில் ஒருவர் பெயர், குப்பைக்கூடையில்கூட '1988 பேட்ச் அன்பளிப்பு' என்று சிவப்புப் பெயின்ட். தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் மூன்று பேருடைய பெயர்களை எழுதியிருந்தார்களாம். அது சுற்றும்போது மூன்று பேரும் கலந்து ஒரே சாம்பல் வட்டமாகத் தெரிந்தார்கள். கரன்ட் போனால்தான் இவர்களுக்குப் புகழ் என்று ஆல்வின் முணுமுணுத்தான்.

லோகநாயகி அதைக் காதில் வாங்கவில்லை. பொன்னேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரி மாடியில் 'லோகா துப்பறியும் நிலையம்' நடத்துகிற ஐம்பது வயதுப் பெண்மணி அவர். வாயில் கடலை மிட்டாய் இருக்கும்போது காது வேலை செய்யாது. கண் மட்டும் இரண்டு மடங்கு வேலை செய்யும். இப்போது அந்தக் கண், சங்கச் செயலாளர் தினகரனின் தலைக்குப் பின்னால் இருந்த சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு பல்லி இருந்தது. பல்லிக்கு இடது பக்கம் கண்ணாடி போட்ட பட்டச் சான்றிதழ் ஒன்று. வலது பக்கம், சங்கத்தின் செயலாளர்கள் பெயரைத் தங்க எழுத்தில் எழுதிய மரப்பலகை. அக்கா பல்லியைத்தான் பார்க்கிறார் என்று ஆல்வின் முடிவு கட்டினான். எட்டு வருஷமாக உதவியாளனாக இருந்தும் இந்தத் தப்பை அவன் விடாமல் செய்துவருகிறான்.

தினகரன் சஃபாரி சட்டையின் பையில் '93 பேட்ச்' என்ற பித்தளை பேட்ஜைக் குத்தியிருந்தார். மடியில் ஒரு பெரிய கேடயம். அதில் 'இவ்வாண்டின் சிறந்த வழிகாட்டி' என்று பொறித்து, பெயர் இருக்கவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அந்தக் காலி இடம்தான் வழக்கு.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துப் போனவர்கள், இப்போது படிக்கிறவர்களுக்குக் கைகொடுக்க ஒரு திட்டம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு மாணவரைப் பிடித்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் போனில் பாடம் சொல்லி, பயம் போக்கி, வேலைக்குப் போகும்வரை கூடவே வரவேண்டும். பெரும்பாலான வழிகாட்டிகள் முதல் வாரம் 'வாழ்த்துகள்' என்று ஒரு செய்தி அனுப்புவதோடு காணாமல் போய்விடுவார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் மூன்று வருஷமாக ஒரு பெண்ணுக்கு விடாமல் சொல்லிக்கொடுத்தார். திட்டத்தின் செயலியில் தன் பெயரைப் போடாமல் '2001 பேட்ச், சிவில்' என்று மட்டும் போட்டிருந்தார். பழைய பதிவேட்டைப் புரட்டலாம் என்றால் அது 2015 வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. அவருக்கு விருது கொடுக்கப்போகிறோம், பட்டச் சான்றிதழ் நகல் அனுப்புங்கள் என்று தினகரன் செய்தி அனுப்பினார். அன்றைக்கு அணைந்த போன், ஆறு நாளாகியும் உயிர்பெறவில்லை.

"விருதுன்னதும் ஓடுன மொதல் ஆளு இவருதான் சார்" என்றான் ஆல்வின். "மத்தவங்க விருதுக்குப் பின்னாடி ஓடுவாங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள்தான் அந்த மாணவி, மாலா. திருப்பாலைவனத்தில் கொத்தனார் ஒருவரின் மகள். துறைமுகம் கட்டும் ஒரு நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கும், பிறகு வேலைக்கும் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதற்கான படிவத்தில் வழிகாட்டியின் கையெழுத்து, அதன் கீழே சங்கச் செயலாளரின் கையெழுத்து இரண்டும் வேண்டும். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்றாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் அப்பா ஊரில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்துவிட்டாராம். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

"கையெழுத்துக்காக மட்டும் இல்ல மேடம்" என்றாள். "அவருக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயமா இருக்கு."

லோகநாயகி மிட்டாயை விழுங்கிவிட்டு, போனில் பேசிய தேதிகளைக் கேட்டார். போன மாதக் கணக்கை மாலா காட்டினாள். இரண்டு நாள் பேசுவார், மூன்றாம் நாள் எடுக்கமாட்டார். போன மாதம் இரண்டாம் தேதி எடுக்கவில்லை. பிறகு ஐந்து, எட்டு, பதினொன்று என்று ஒரு தடவைகூடப் பிசகாமல் இருபத்தொன்பது வரைக்கும். லோகநாயகி தேதிகளைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஆல்வினிடம் விளக்கம் தயாராக இருந்தது. ஒன்று, அந்த மனிதர் மூன்று நாளைக்கு ஒருமுறை விரதம். இல்லையென்றால் அவருக்கு இரண்டு வீடு. மூன்றாம் நாள் எந்த வீட்டில் இருக்கிறாரோ அங்கே சிக்னல் கிடையாது. லோகநாயகி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதுவரைக்கும் அவர் சங்கத்துக்கு ஏதாவது நன்கொடை கொடுத்திருக்கிறாரா என்று தினகரனைக் கேட்டார்.

தினகரன் சங்கடமாக நெளிந்தார். பணமாக எதுவும் இல்லையாம். ஆனால் வருஷா வருஷம் முன்னாள் மாணவர் தினத்தன்று விடுதிச் சமையலறை வாசலில் ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி வந்து இறங்கும். உள்ளே நொறுக்கிய ஐஸில் புதைத்த இறால். மூடியில் '2001 பேட்ச், சிவில், பசங்களுக்கு' என்று எழுதியிருக்கும். இறால் மேல் பெயர் பொறிக்க முடியாததால் அதைச் சங்கம் நன்கொடைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

"எத்தனை மணிக்கு வரும்?"

"காலை ஏழரைக்கெல்லாம் வந்துவிடும். சில இறால் அப்போதும் துள்ளிக்கொண்டிருக்கும் என்று சமையல்காரர் சொல்லுவார்."

லோகநாயகி எழுந்துவிட்டார். ஏழரைக்குத் துள்ளவேண்டுமென்றால் ரொம்ப தூரத்திலிருந்து வர முடியாது. பக்கத்தில் இறால் பிடிக்கிற ஏரி பழவேற்காடுதான், அங்கே வண்டியை எடு என்றார்.

* * *

வேனில் நான்கு பேர். தினகரன் கேடயத்தை மடியைவிட்டு இறக்கமாட்டேன் என்றார். பார்த்த இடத்திலேயே போர்த்துவதற்காகப் பொன்னாடையையும் கொண்டுவந்திருந்தார். மாலா படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். திருப்பாலைவனம் வந்தபோது மட்டும் அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று குனிந்துகொண்டாள்.

பழவேற்காடு மீன் கடைகளுக்கு முன்னால் வண்டி நின்றபோது மணி பன்னிரண்டரை. துப்பறிவதற்கு முன்னால் வயிற்றைக் கவனிக்கவேண்டும் என்பது ஆல்வினின் கொள்கை. பச்சையம்மா என்ற வியாபாரி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்ப் பெரிய இறாலாகப் பார்த்து ஒரு கிலோ கேட்டான். பச்சையம்மா உதட்டைப் பிதுக்கினார். இருப்பது சின்னதுதான், பெரிசு வேண்டுமானால் நாளைக்கு மறுநாள் காலையில் வரச் சொன்னார்.

"ஏன், இறால் லீவா?"

"நாளைக்குத்தான், நைனா, கோட்டைக்குப்பத்துக்குப் பாடு. இன்னிக்கு ஆண்டிக்குப்பத்துது. அவங்கவங்க நாள்லதான் அவங்கவங்க வலை கட்டணும். என் வூட்டுக்காரரு கோட்டைக்குப்பம். அவரு நாளைக்கு சாயங்காலம் போனா, மக்யா நாள் காலைலதான் கரைக்கு வருவாரு."

லோகநாயகி பின்னாலிருந்து மெதுவாக முன்னால் வந்தார். பாடு என்றால் என்ன என்று கேட்டார். இதுகூடத் தெரியாமல் ஒரு பொம்பளையா என்கிற மாதிரி பார்த்துவிட்டு பச்சையம்மா விளக்கினார். ஏரியில் இறால் நிறைய விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாள் இறங்கினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் மூன்று குப்பமும் முறை வைத்து, நாளுக்கு ஒரு குப்பமாக இறங்கும். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் தன் நாளை யாரும் விடமாட்டார்கள். அடுத்தவர் நாளில் யாரும் காலை நனைக்கவும் மாட்டார்கள். அவர் அப்பா காலத்துக்கும் முன்னாலிருந்து இப்படித்தான்.

லோகநாயகி நோட்டை எடுத்துத் தேதிகளை எண்ணினார். போன மாதம் கடைசியாக எடுக்காத நாள் இருபத்தொன்பது. அங்கிருந்து மும்மூன்றாக எண்ணினால் இந்த மாதம் ஒன்று, நான்கு, ஏழு, பத்து. இன்றைக்குத் தேதி ஒன்பது. நாளை பத்து.

"ரெண்டு வீடுன்னு சொன்னியே ஆல்வின்" என்றார். "ஒரு வீடு கோட்டைக்குப்பத்துல. இன்னொண்ணு ஏரி. மூணாவது நாள் அவர் தண்ணியில இருக்கார், அதான் போன் எடுக்கல. இன்னைக்கு அவருக்குப் பாடு இல்ல, கரையிலதான் இருக்கணும்."

தான் பாதி சரியாகச் சொன்னதாக ஆல்வின் எடுத்துக்கொண்டான். அந்தச் சந்தோஷத்தில் இறாலுக்குப் பதிலாக உயிரோடு ஆறு நண்டு வாங்கி, ஒரு துணிப்பையில் போட்டு வேனின் பின்சீட்டுக்கு அடியில் வைத்தான்.

* * *

கோட்டைக்குப்பத்துக்குப் போகும் வழியில் பையின் முடிச்சு அவிழ்ந்தது. அடுத்த ஐந்து நிமிஷம் வேனுக்குள் நடந்ததைத் தினகரன் தன் வாழ்நாளில் யாரிடமும் சொல்லமாட்டார். காலைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு, 'சிறந்த வழிகாட்டி' கேடயத்தைக் கவிழ்த்து அதற்கடியில் ஒரு நண்டை அமுக்கினார். இரண்டாவது நண்டு பொன்னாடைக்குள் புகுந்துவிட்டது. விருதுக்கு முதல் ஆள் கிடைத்துவிட்டது சார் என்றான் ஆல்வின். மாலா மட்டும் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். நண்டுகளின் முதுகுப்பக்கம் பிடித்து ஒவ்வொன்றாகப் பையில் போட்டவளும் அவள்தான். பின்னாலிருந்து பிடித்தால் கொடுக்கு எட்டாது என்று வழிகாட்டி அண்ணன் ஒருநாள் போனில் சொல்லியிருந்தாராம். கட்டடப் பொறியியலில் அதற்கு என்ன வேலை என்று தினகரனுக்குப் புரியவில்லை.

குப்பத்தில் இறங்கி விசாரித்தார்கள். இங்கே சிவில் இன்ஜினியரிங் படித்தவர் யாராவது இருக்கிறாரா என்று லோகநாயகி கேட்டதும், அதுவரை சகஜமாக இருந்த முகமெல்லாம் இறுகியது. படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர், அவர் சபரிமலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். குழாயடியில் நின்ற பெண், குவைத்துக்குப் போய்ப் பத்து வருஷமாயிற்று என்றார். கடைசியில் ஒரு பெரியவர், அவர் தவறிப்போய்விட்டார், காரியம்கூட முடிந்துவிட்டது என்று அடித்துச் சொன்னார்.

மாலாவின் முகம் வெளிறிவிட்டது. லோகநாயகி அவள் தோளைத் தட்டினார். "பயப்படாதேம்மா. அப்படி ஒரு ஆளே இல்லன்னா, இல்லன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருப்பாங்க. இத்தனை ஊருக்கு அனுப்பறாங்கன்னா ஆள் பக்கத்துலதான் இருக்கார்."

"அதுலயும் செத்தவரு குவைத்துலேந்து சபரிமலைக்குப் போயிருக்காரு" என்றான் ஆல்வின். "சாதாரண ஆளு இல்லக்கா."

ஆனால் ஆள் கிடைக்கவில்லை. மணி மூன்றரை ஆகிவிட்டது. ஐம்பது அறுபது ஆண்கள் கரையில் இருந்தார்கள். யார் நெற்றியிலும் சிவில் என்று எழுதியிருக்கவில்லை. தினகரன் கைக்கடிகாரத்தைப் பார்க்க, மாலா தரையைப் பார்த்தாள். இப்படியே திரும்பிப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது என்று அவள் மனசுக்குள் ஒத்திகை பார்ப்பது ஆல்வினுக்கே தெரிந்தது. அவனுக்கு அன்றைக்கு முதல் தடவையாகக் கிண்டல் எதுவும் வரவில்லை.

லோகநாயகி இன்னொரு கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, ஏரிக்கரையில் இருந்த வலை பின்னும் கூடத்தைச் சுற்றி வந்தார். ஆறு தூண், மேலே கூரை, சுவர் இல்லாத புதுக் கட்டடம். நிழலில் நாலைந்து பேர் வலையைச் செப்பம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கரையேற்றிய ஃபைபர் படகு, அதில் ஒரு ஆள் உயரத்துக்கு வலைக் குவியல். லோகநாயகி ஒரு தூணைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி தொண்டையைத் திறந்தார்.

"ஆல்வின், குறிச்சுக்கோ. இந்தக் கட்டடம் சரியில்ல. தூண் கிழக்கே சாஞ்சிருக்கு. எவனோ அரைகுறை மேஸ்திரி கட்டினது. உப்புக்காத்துக்கு ரெண்டு வருஷம்கூடத் தாங்காது."

தூண் தென்னைமரத்தைவிட நேராக இருந்தது. ஆல்வினுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பேனாவைத் திறந்தான். வலை பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார், ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்தவர் மாதிரி.

"சிமென்ட்டுலயும் கை வெச்சிருக்காங்க" என்றார் லோகநாயகி. "கம்பி இப்பவே துரு பிடிச்சிருக்கும்."

படகிலிருந்த வலைக் குவியல் அசைந்தது.

"எப்டி துரு புடிக்கும்?" என்றது குவியல். "கம்பிக்கும் வெளிக்கும் நடுவுல மூணு அங்குலம் கான்கிரீட்டு வுட்டிருக்கேன். உப்பு இன்னா பஸ் புடிச்சா உள்ள போவும்? சாஞ்சிருக்காம். ஆறு தூணுக்கும் நானே தூக்குக்குண்டு வெச்சுப் பாத்தேன், தெரியுமா உங்களுக்கு?"

அதற்குமேல் குவியலால் பொறுக்க முடியவில்லை. வலைகளைத் தள்ளிக்கொண்டு, நாற்பத்திரண்டு வயதிருக்கும் ஒரு மனிதர் எழுந்து நின்றார். தலையில் இரண்டு மிதவைக் கட்டை தொங்கியது. தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குதித்து ஓடப் பார்த்தார். சட்டைப் பொத்தான் வலைக்கண்ணில் மாட்டி, மொத்தக் குவியலும் அவரோடு சேர்ந்து மணலில் விழுந்தது. இருபது வருஷம் வலை போட்ட மனிதர் தன் வலையிலேயே சிக்கியதைப் பார்த்து, கண்ணை மூடியிருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மாலா ஓடிப்போய் அவர் எதிரே மண்டியிட்டாள். "அண்ணே, நான் மாலா" என்றாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மூன்று வருஷமாகக் குரலை மட்டும் கேட்ட பெண்ணை முதல் தடவையாகப் பார்த்ததும், ஓடும் எண்ணமே அவருக்குப் போய்விட்டது.

"இம்மாந்தூண்டு பொண்ணா நீ? போன்ல பெரிய ஆளு மாதிரி பேசுவியே" என்றார். அவர் கண் கலங்கியதை வலை மறைக்கவில்லை.

* * *

அவர் பெயர் பூபதி. ஆல்வினும் மாலாவும் சேர்ந்து அவரை வலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். தினகரன் நண்டு வாசனை அடித்த பொன்னாடையோடு முன்னால் வந்து, பல்கலைக்கழகத்தின் சார்பாக என்று பேச்சைத் தொடங்கினார். பூபதி இரண்டடி பின்னால் போனார்.

"வேணாம் சார். எனக்கு அந்தத் தகுதி இல்ல. உங்களுக்கு வேண்டியது சர்டிபிகேட்டு. என்னாண்ட அது கெடையாது."

தொலைந்துவிட்டதா என்று தினகரன் கேட்டார். பூபதி தலையை ஆட்டினார். வாங்கினால்தானே தொலைப்பதற்கு. நாற்பத்தைந்து பேப்பரில் நாற்பத்துநாலு பாஸ். ஒன்றே ஒன்று அரியர். ஏழு தடவை எழுதியும் தேறவில்லை.

"எந்தப் பேப்பர் அண்ணே?" என்று மாலா கேட்டாள்.

அவர் ஏரியைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், கடைசியில் தன் கால் விரலைப் பார்த்தபடி சொன்னார். "ஃபுளூயிட் மெக்கானிக்ஸ்."

ஆல்வினுக்கு அது என்னவென்று தெரியவில்லை. தண்ணீர் எப்படி ஓடும் என்கிற கணக்கு என்று மாலா சொன்னாள். தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே சாப்பிடுகிற மனிதர் தண்ணீர்ப் பேப்பரில் பெயில். ஆல்வின் உதட்டைக் கடித்துக்கொண்டான். இத்தனைக்கும் மாலா அந்தப் பேப்பரில் தொண்ணூற்றேழு வாங்கியவள். சொல்லிக்கொடுத்தது இவர்தான்.

"எனக்குத் தொண்ணூத்தேழு வாங்கிக் குடுத்துட்டு, நீங்க எவ்வளவு அண்ணே வாங்கினீங்க?"

"கடைசி தபா பதினொண்ணு" என்றார் பூபதி. பிறகு ரோஷத்தோடு விளக்கினார். "கேள்வியிலயே தப்பு, நான் இன்னா பண்றது? 'ஓட்டம் சீராக இருப்பதாகக் கொள்க'ன்னு போட்டிருந்தான். எங்க சீரா கீது? வாடைக்காத்து அடிச்சா ஒரு மாதிரி ஓடும், மொகத்துவாரம் மணலு மூடித் தூந்துச்சுன்னா ஒரு மாதிரி ஓடும். பொறந்ததுலேந்து பாக்கறேன், ஒருநாள்கூட சீரா ஓடி நான் பாக்கல. அதத்தான் நாலு பக்கம் எழுதி வெச்சேன். ஏழு தபாவும்."

ஏழு தடவையுமா என்று லோகநாயகி கேட்டார். ஏழு தடவையும் தண்ணீர் மாறவில்லையே என்றார் பூபதி.

செயலியில் கேட்டது படிப்பில் சேர்ந்த வருஷத்தை மட்டும்தான், 2001 என்று போட்டார், பொய் சொல்லவில்லை. படிக்கிற காலத்தில் புரியவில்லை என்று சொல்லக்கூட அவருக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அந்தத் தவிப்பு இன்னொரு பிள்ளைக்கு வேண்டாமென்றுதான் வழிகாட்டியாகச் சேர்ந்தார். விருது என்று செய்தி வந்ததும் குட்டு உடைந்துவிடும், இந்தப் பெண் தன்னைப் பித்தலாட்டக்காரன் என்று நினைத்துவிடும் என்று பயந்து போனை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார், யார் தேடி வந்தாலும் சொல்லக் கூடாதென்று குப்பத்திலும் சொல்லிவைத்தார். கையெழுத்து விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது.

மாலா படிவத்தை நீட்டினாள். அவர் பேனாவை வாங்கினார். அதற்குள் தினகரன் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு நிமிடம். பட்டம் பெறாதவர் முன்னாள் மாணவர் ஆகமாட்டார். முன்னாள் மாணவர் அல்லாதவர் வழிகாட்டியாகக் கையெழுத்திட முடியாது. நான் மேலொப்பம் இட இயலாது. மன்னிக்கவேண்டும்."

பூபதியின் கை அப்படியே நின்றுவிட்டது. தன்னால்தான் இந்தப் பெண்ணின் வேலை போகிறது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. மணி நாலு இருபது.

லோகநாயகி கையில் ஒட்டியிருந்த கடலைத் துணுக்கைத் தட்டிவிட்டார். "தினகரன் சார், உங்க பேட்ஜ் ரொம்ப அழகு. தொண்ணூத்திமூணு பேட்ச். அப்போ நாலு வருஷப் படிப்பு தொண்ணூத்தேழுல முடிஞ்சிருக்கணும்."

தினகரன் பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டார்.

"உங்க சுவத்துல மாட்டியிருக்கற சர்டிபிகேட்ல 2001ன்னு இருக்கு. பக்கத்துப் பலகையில நீங்க செயலாளரா வந்தது 1998ன்னு தங்க எழுத்துல இருக்கு. பட்டம் வாங்காதவர் முன்னாள் மாணவர் இல்லன்னா, அந்த மூணு வருஷம் சங்கத்தை நடத்தினது யாரு சார்?"

அப்போதுதான் ஆல்வினுக்கு விளங்கியது. அக்கா காலையில் பார்த்தது பல்லியை இல்லை.

தினகரன் பேட்ஜிலிருந்து கையை எடுத்தார். கேடயத்தை மணலில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. பேட்ச் என்றால் சேர்ந்த வருஷம்தான் என்று சங்க விதியில் எழுதியதே தான்தான் என்று ஒப்புக்கொண்டார். ஏன் அப்படி எழுதினார் என்று கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. எத்தனை அரியர் என்று மட்டும் ஆல்வின் கேட்டான்.

"ஒன்றுதான்" என்றார். பிறகு இலக்கணமெல்லாம் கழன்று விழுந்தது. "அதே பேப்பர்தான்யா."

பூபதி கிட்டே வந்து குந்தினார். "நீங்க எப்டி சார் பாஸ் பண்ணீங்க?"

"சீரா ஓடுதுன்னு எழுதினேன்."

"மனசாட்சி?"

"உறுத்துச்சு. ஆனா எழுதினேன்."

அதற்குப் பிறகு தகராறு எதுவும் இல்லை. கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல் படிவத்தை வைத்துப் பூபதி கையெழுத்துப் போட்டார். அதன் கீழே தினகரன் போட்டார். நான்கு ஐம்பத்திரண்டுக்கு, சிக்னலுக்காக ஆல்வினின் தோளில் ஒரு காலும் படகில் ஒரு காலுமாக நின்று மாலா அதை ஏற்றினாள். ஏறிவிட்டது என்று அவள் சொன்னதும், சபரிமலைக்கு அனுப்பியவரும் குவைத்துக்கு அனுப்பியவரும் சேர்ந்து கை தட்டினார்கள். மாலா இறங்கி வந்து பூபதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் தூண்களைப் பார்த்தார்.

கேடயத்தை மட்டும் அவர் வாங்கவில்லை. பாஸ் பண்ணாமல் அதைத் தொடமாட்டேன் என்றார். மாலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உறையிலிருந்து ஒரு வெறும் படிவத்தை எடுத்தாள். வழிகாட்டி என்ற இடத்தில் தன் பெயரையும், மாணவர் என்ற இடத்தில் பூபதியின் பெயரையும் எழுதினாள். பழைய அரியர்காரர்களுக்கு இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி தனி வாய்ப்புத் தேர்வு இருக்கிறது, விண்ணப்பம் இன்றைக்கே தன்னிடம் கொடுக்கலாம் என்று தினகரன் ஞாபகப்படுத்தினார்.

பூபதியின் முகத்தில் நிம்மதி படர்ந்தது. "அடடா, இருபத்தொண்ணா? அன்னிக்கு எங்க பாடாச்சே. பாட்ட வுட்டுட்டு எப்டி வர்றது?"

லோகநாயகி நோட்டைப் பிரித்தார். "பத்து, பதிமூணு, பதினாறு, பத்தொம்பது, இருபத்திரெண்டு. இதான் உங்க நாள். இருபத்தொண்ணு ஆண்டிக்குப்பத்துது. நீங்க அன்னைக்குக் கரையிலதான் இருப்பீங்க."

மத்தியானம்தான் பாடு என்றால் என்னவென்று கேட்ட பெண்மணியிடம் மாட்டிக்கொண்டதைப் பூபதியால் தாங்க முடியவில்லை. சுற்றி நின்ற குப்பமே சிரித்தது. தப்பிக்க இன்னும் ஏதாவது வழியிருக்கிறதா என்று வலைக் குவியலைப் பார்த்தார். அதன் மேல் ஆல்வின் உட்கார்ந்திருந்தான்.

மாலா அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஏரி, வாடையில் ஒரு பக்கம் சுழித்து, இன்னொரு பக்கம் பின்வாங்கி, அதன் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"முதல் பாடம் அண்ணே" என்றாள். "ஓட்டம் சீரா இருக்குன்னு வெச்சுக்கோங்க."

பூபதி வாயைத் திறந்தார், ஏரியைக் காட்டக் கையைத் தூக்கினார். மாலாவின் முகத்தைப் பார்த்தார். கையை இறக்கினார்.

"சரி" என்றார். "இருபத்தொண்ணாந்தேதி பரீச்ச முடியற வரிக்கும் வெச்சிக்கிறேன்."